ஏடி டயரை ஏற்றத்துக்கு வாங்காதீர்கள், இறக்கத்துக்கு வாங்குங்கள்

எஸ்யூவிக்கு ஏடி டயர் (ஆல் டெரெய்ன், தாருக்கும் மண்ணுக்கும் சேர்த்துச் செய்தது) பார்த்து வைத்திருக்கிறேன், எப்படி இருக்கிறது என்று கேட்டு எனக்கு வரும் படங்கள் எல்லாம் ஒரே சாயலில்தான் இருக்கின்றன. பக்கவாட்டில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் கட்டை கட்டையாகப் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்த் துண்டுகள்), சேறு தெறித்த மட்கார்டு. கூடவே ஒரு கேள்வி: "மலை ஏறுமா?"

ஏறும். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் சுமாரான டயரிலேயே பெரும்பாலான மலைப்பாதைகளில் ஏறிவிடலாம். ஏறவில்லை என்றால் சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நிற்கும், நிதானமாகப் பின்னால் எடுக்க வேண்டியதுதான். இறக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஃபோர் வீல் டிரைவ் என்பது வண்டியைக் கிளப்ப உதவும் சமாச்சாரம். பிரேக் என்று வந்துவிட்டால் சாதாரண காருக்கும் நான்கு சக்கரத்தில்தான் பிரேக், உங்கள் வண்டிக்கும் அதேதான். எடை மட்டும் உங்களுக்குக் கூடுதல். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர்) போட்டு என்ஜின் பிரேக்கிங்கில் இறங்கினால் நல்ல பலன் உண்டு, மறுக்கவில்லை. அந்தப் பிடிமானமும் டயர் வழியாகத்தானே தரைக்குப் போக வேண்டும்?

அதனால் என் கட்சி இதுதான்: மலையின் உட்பாதைகளுக்கு டயர் தேடுகிறவர், மழை விட்ட சாயங்காலத்தில் வண்டி நிறைய ஆளோடு கொண்டை ஊசி வளைவில் இறங்குவதை நினைத்துக்கொண்டு தேட வேண்டும். அப்படித் தேடினால் நாம் ஆசைப்படுகிற முரட்டு டயர்களில் பாதி தானாகவே கழன்றுவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். மலையில் உட்பாதை என்றால் முழுக்கப் பாறையும் சேறும் என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே போகிற தூரத்தில் பெரும்பகுதி தார்தான். ஓரம் உடைந்த தார், மேலே மண் கழுவி வந்து படிந்த தார், மரநிழலில் பாசி பிடித்த தார். கடைசியில் கொஞ்ச தூரம் சரளை, இடையில் ஓடை குறுக்கிடும் ஓர் இடம், மழைக்காலத்தில் சேறு. ஈரமான தாரில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பெரிய பட்டன் இல்லை; ரப்பரின் மென்மையும், அந்தப் பட்டனுக்குள் கத்தியால் கீறியதுபோல் ஓடும் மெல்லிய வெட்டுகளும்தான். தண்ணீர்ப் படலத்தைக் கடித்து ரப்பர் தரையைத் தொடுவது அந்த விளிம்புகளால்தான். சேற்றுக்கென்றே செய்த மட் டயரில் அவை குறைவு, பட்டன்களுக்கு நடுவே வெற்றிடம் அதிகம். ஆகவே தரையைத் தொடும் ரப்பரே குறைவு. சேற்றில் அது வரம். ஈரத் தாரில் நிற்கும் தூரம் கூடிப்போகும். ஏடி டயர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1976-ல் பிஎஃப் குட்ரிச் ரேடியல் ஏடி டயரைக் கொண்டுவந்த நாளிலிருந்தே இந்த வகை ஒரு சமரசம்தான். சமரசத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வது என்பதில்தான் இப்போது நாம் தேர்ந்தெடுக்க இருப்பது எல்லாம்.

கடையில் டயரைக் கையால் தொட்டுப் பாருங்கள். நடுப்பகுதிப் பட்டன்கள் நெருக்கமாக, அவற்றில் வெட்டுகள் ஆழமாக இருக்கிறதா? அந்த வெட்டுகள் மேலோட்டமாகக் கீறிவிட்டதா, அடிவரை போகிறதா? மேலோட்டமாக இருந்தால் டயர் பாதி தேய்வதற்குள் வெட்டு மறைந்துவிடும், மழையில் வேறு டயர்போல நடந்துகொள்ளும். பிறகு பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் தரையைப் பாருங்கள். சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக இருந்தால் அது அழகுக்கு அல்ல. சரளையில் போகும்போது கல் ஒன்று பள்ளத்தில் சிக்கிக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் வண்டியின் எடை அதை உள்ளே குத்திக்கொண்டே இருக்கும். கடைசியில் உள்ளிருக்கும் எஃகுக் கம்பி வலையைத் தொட்டுவிடும். அந்த வழியே தண்ணீர் போனால் துரு. அந்த மேடுகள் கல்லை வெளியே தள்ளுவதற்காக வைத்தவை. அவை இருந்தாலும், சரளைப் பாதை முடிந்ததும் இறங்கி ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கற்களைக் கிளறி எடுப்பது நல்ல பழக்கம்.

இதைவிட முக்கியம் சைடு வால். மலைப்பாதையில் டயர் செத்துப்போவது பெரும்பாலும் பட்டனில் இல்லை, பக்கவாட்டில். எதிரே லாரி வருகிறது, ஒதுங்குகிறோம், ஓரத்தில் உடைந்த பாறையின் விளிம்போ வாய்க்கால் கான்கிரீட்டோ பக்கச் சுவரைக் கிழிக்கிறது. பட்டன் பகுதியில் 6 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டையை முறையாக அடைக்கலாம். சைடு வால் கிழிந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. அங்கே பஞ்சர் ஒட்டிக் கொடுக்கிறேன் என்பவரை நம்பி இறக்கத்தில் போகாதீர்கள்.

"அப்படியானால் 10 பிளை டயரே போட்டுவிடலாமே?" என்பார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். 10 பிளை என்றால் பத்து அடுக்கு என்று அர்த்தமில்லை. அது பழைய காலத்துக் கணக்கில் வந்த பலத்தின் அளவுகோல். இன்றைய ரேடியல் டயரில் பக்கச் சுவரில் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ அடுக்குதான் இருக்கும். 10 பிளையையே இன்று லோட் ரேஞ்ச் ஈ என்று குறிக்கிறார்கள்; அந்த எல்டி (லைட் டிரக்) டயர்கள் 80 பிஎஸ்ஐ வரை காற்று தாங்கும், பாரம் ஏற்றும் பிக்கப்களுக்கும் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கும் கட்டியவை. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறும் எஸ்யூவிக்கு அதைப் போட்டால், ஒரு டயருக்குச் சில கிலோ எடை கூடும், சின்னக் குழியில்கூட வண்டி தூக்கிப் போடும், மைலேஜ் குறையும். குதிக்கிற சக்கரம் தரையில் இருக்காது. தரையில் இல்லாத சக்கரத்துக்கு ஏது பிரேக்?

இன்னொன்றும் உண்டு. எல்டி டயர் அதே எடையைச் சுமக்க, வண்டியோடு வந்த சாதாரண டயரைவிட அதிகக் காற்று கேட்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையே இதற்கும் அடித்தால் டயர் காற்றுக் குறைவாகவே ஓடும், சூடேறும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டயர் கம்பெனியின் லோட் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கூர்மையான பாறையில் அடிக்கடி ஓடுகிறவருக்கு ஈ-யைவிடப் பலம் குறைந்த லோட் ரேஞ்ச் சி ஒரு நல்ல நடுவழி. மற்றவர்களுக்கு மூன்றடுக்குப் பக்கச் சுவர் உள்ள சாதாரண லோட் ஏடி கிடைத்தால் அதுவே தாராளம்.

சைடு வாலைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ரிம்மைப் பேசாமல் விட முடியாது. 20 அங்குல ரிம்மோடு ஷோரூமிலிருந்து வந்த எஸ்யூவிக்கு எந்த ஏடி டயரைப் போட்டாலும் பக்கச் சுவர் குட்டையாகத்தான் இருக்கும். குழியில் இறங்கினால் ரப்பர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கும். பிரேக் காலிப்பர் இடிக்காமல் உங்கள் வண்டி 17 அல்லது 18 அங்குல ரிம்மை ஏற்றுக்கொள்ளும் என்றால், டயரின் மொத்த உயரம் மாறாமல் ரிம்மைச் சிறிதாக்குங்கள். டயரில் கொட்டும் காசை இங்கே போட்டால் பலன் அதிகம். பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

அளவைப் பெரிதாக்குவது பற்றிச் சுருக்கமாக. 265/65 ஆர்17 (மில்லிமீட்டரில் அகலம், அதில் பக்கச் சுவரின் உயரச் சதவீதம், ரிம் அங்குலம்) இருந்த இடத்தில் 265/70 ஆர்17 போட்டால் டயர் உயரம் சுமார் 26 மில்லிமீட்டர் கூடும். அதில் பாதி, 13 மில்லிமீட்டர், கிரவுண்ட் கிளியரன்ஸுக்கு. அதற்கு விலையாக ஸ்பீடோமீட்டர் மூன்று சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும், எல்லாக் கியரும் அதே அளவு நீளும், அதாவது என்ஜினின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் போகும். கியர் நீண்டால் இறக்கத்தில் என்ஜின் பிடிப்பது குறையும். முழுத் திருப்பலில் மட்கார்டில் உரசினால் அதுவும் கொண்டை ஊசி வளைவில்தான் தெரியவரும். 13 மில்லிமீட்டருக்கு இது லாபமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பனி பெய்யும் மலைகளுக்குப் போகிறவர்கள் எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்தைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அது பட்டன் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளர் போட்டுக்கொள்கிற குறி, சோதனை எதுவும் தேவையில்லை. மூன்று சிகரங்களுக்குள் பனித்துகள் வரைந்த குறி இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் 1999-ல் வந்த அந்தக் குறியை இறுகிய பனியில் ஓட்டிச் சோதித்த பிறகே போட முடியும். உறைந்த ஐஸுக்கு அதுவும் உத்தரவாதம் இல்லை. சங்கிலி கட்டித்தான் ஆக வேண்டிய பாதை என்றால், பெரிய டயர் போட்ட பிறகு சங்கிலிக்கு உள்ளே இடம் மிச்சமிருக்கிறதா என்பதை வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள்.

இனி காற்று. நல்ல டயரையும் தவறான காற்று கெடுத்துவிடும் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். நீண்ட, கரடுமுரடான சரளைப் பாதை தொடங்கும் இடத்தில் 35 பிஎஸ்ஐயிலிருந்து 26 பக்கம் இறக்கினால் டயர் நீளவாக்கில் தரையோடு படியும், கல்லின் மேல் மோதாமல் அதைச் சுற்றி வளைந்து ஏறும். பஞ்சர் குறையும், பிடி கூடும், முதுகும் தப்பிக்கும். ஆனால் பக்கச் சுவர் வெளியே பிதுங்கும் என்பதால் பாறை விளிம்புகளை ஒட்டி ஓட்டக் கூடாது, வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. டயர் பிரஷர் விளக்கு எரியும். பல வண்டிகளில் அது 25 சதவீதம் குறைந்தால் எரியும்படிதான் வைத்திருக்கிறார்கள். தார் வந்ததும் திரும்ப அடித்துவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் கையில் இல்லாதவர் காற்றை இறக்கவே வேண்டாம். காற்றுக் குறைந்த டயர் தாரில் ஓடி உள்ளுக்குள் சூடேறி வெடிப்பது பஞ்சரைவிடப் பல மடங்கு மோசம்.

மேலே குளிரில் காற்றுக் குறையுமே என்று பயப்படுகிறவர்களும் உண்டு. வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி இறங்கினால் 1 பிஎஸ்ஐ குறையும், உண்மை. ஆனால் உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஏறிக் காட்டும்: 3000 மீட்டரில் நான்கு பிஎஸ்ஐக்கு மேல். இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். காலையில், வண்டி எடுப்பதற்கு முன், குளிர்ந்த டயரில் பார்த்தால் போதும். மலை இறங்கி வந்த சூட்டோடு அளந்துவிட்டுக் காற்றைத் திறந்துவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் பதறுகிறது.

வாங்கும்போது டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களையும் படியுங்கள். 2224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று கிடங்கில் பல வருடம் கிடந்த டயரை வாங்கினால், இறுகிய ரப்பரோடுதான் அந்த ஈரத் தாரில் இறங்கப் போகிறீர்கள்.

நான்கு வாங்காமல் ஐந்தாக வாங்குங்கள். நான்கு ஏடி டயரும், டிக்கிக்கு அடியில் பழைய அளவில் ஒரு மெலிந்த ஸ்டெப்னியும் வைத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் நிறைய. ஓயாமல் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் வண்டியில் ஒரு டயர் மட்டும் சுற்றளவில் வேறாக இருந்தால், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் கப்ளிங்கும் ஓய்வில்லாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துச் சூடேறும். ஐந்தையும் முறை வைத்து 8000, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றினால் எல்லாம் ஒன்றாகத் தேயும். புது டயர் மாட்டிய அன்றே சமதரையில் ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். கடையில் மெஷினால் இறுக்கிய நட்டு, வண்டியோடு வந்த குட்டி ஸ்பானருக்கு அசையாமல் போவது சகஜம். அசையவில்லை என்றால் நீளமான கைப்பிடி உள்ள ஸ்பானர் ஒன்றையும் டிக்கியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.