பிள்ளையின் விரலைக் குறை சொல்ல முதல் கிற்றாரைப் பாருங்கள்

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தம்பி ஒருவன் கிற்றாரைப் பையோடு கொண்டுவந்து விறாந்தையில் சாய்த்துவிட்டு, "அண்ணா, இதை யாருக்காவது வித்துத் தாங்க. எனக்கு இது சரிவராது" என்றான். பதினாறு வயது. இடது கையைக் காட்டச் சொன்னேன். நான்கு விரல் நுனியிலும் கம்பியின் கோடு சிவப்பாகப் பதிந்திருந்தது. சுட்டுவிரலில் தோல் உரிந்திருந்தது. ஐந்து மாதமாக ஒரு நாளும் விடாமல் இருந்து பழகியிருக்கிறான். கோட் என்றால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டு. அதில் சி வருகிறது, ஜி வருகிறது, சுட்டுவிரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்தவேண்டிய எஃப் கோட் மட்டும் வரவில்லை. கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்திருக்கிறது: "பழகப் பழக வரும்."

இந்த ஒரு வசனத்தின் மேல் எனக்குப் பல வருடக் கோபம். அதனால்தான் இந்தப் பதிவு. கிற்றார் வாசிக்கத் தெரிந்த நண்பர்கள், பழகிக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிகள், பிள்ளைக்குக் கிற்றார் வாங்கிக் கொடுத்த அம்மா அப்பாக்கள் எல்லாரும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

பையைத் திறந்து கிற்றாரை மடியில் வைத்தேன். பிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டி. கம்பிக்கும் பன்னிரண்டாவது பிரெட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்ததுமே விசயம் விளங்கிவிட்டது. சரி, அளந்தே பார்ப்போம் என்று வங்கி அட்டைகளை எடுத்தேன். ஒரு வங்கி அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். எந்த வங்கி அட்டையென்றாலும் அதே அளவுதான், ஆகவே வீட்டில் இருக்கும் நல்ல அளவுகோல் அது. தடித்த ஆறாவது கம்பிக்குக் கீழே, பன்னிரண்டாவது பிரெட்டின் மேல், மூன்று அட்டை அடுக்கி நுழைத்தால் கம்பியைச் சற்றே தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மெல்லிய முதலாவது கம்பிக்கு இரண்டு அட்டை. என்னுடையது, மனைவியுடையது, காலாவதியான பழையவை என்று ஐந்து அட்டை அடுக்கினேன். ஐந்தும் தொடாமல் உள்ளே போயின. இந்தக் கிற்றாரில் யாருக்கு எஃப் வரும்? அந்தப் பிள்ளை ஐந்து மாதம் தன் விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

எனக்கும் இதே கதைதான் நடந்தது. முதல் கிற்றார் வாங்கியபோது சொல்லித்தந்தவர் "விரல் மரத்துப் போகும்வரை அழுத்து" என்றார். அழுத்தினேன். ஒரு வருடம் கழித்து, எனக்குச் சங்கீதம் ஓடாது என்று முடிவுகட்டி, அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டேன். அது ஆறு வருடம் அங்கேயே கிடந்தது. பிறகு இங்கே திருகோணமலையில், பாலையூற்றில் ஒரு பறங்கி அங்கிள் கிற்றார் திருத்துவார் என்று கேள்விப்பட்டு, விற்க முன் ஒருக்கால் காட்டுவோம் என்று கொண்டுபோனேன். தச்சு வேலை செய்து பழகிய கை அவருடையது. கிற்றாரைத் தூக்கி, ஆசாரிமார் பலகையின் நேரைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக் கழுத்து நீளத்துக்கும் பார்த்தார். ஒரு கோட் பிடித்தார். உடனே கையை எடுத்துவிட்டு, "மகன், இதுல நான் வாசிச்சாலும் வராது" என்றார்.

அந்த வார்த்தை என் தலையில் இருந்து எத்தனை வருடப் பாரத்தை இறக்கியது என்று சொல்லத் தெரியவில்லை. அங்கிள் கம்பியைத் தளர்த்தி, கம்பிகள் உடற்பலகையில் பூட்டியிருக்கும் பிரிட்ஜில், அவை ஏறி நிற்கும் வெள்ளைச் சாடிலைக் கழற்றினார். அடிப்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. கண்ணாடித் துண்டின் மேல் சாண்ட் பேப்பரை விரித்து, சாடிலை நிமிர்த்திப் பிடித்து, முன்னும் பின்னும் தேய்த்தார். இடைக்கிடை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, அடி தட்டையாக இருக்கிறதா என்று பார்ப்பார். திரும்பத் தேய்ப்பார். மொத்தம் அரை மணித்தியாலம். அன்று பின்னேரமே எனக்கு எஃப் வந்தது.

அதன் கணக்கு எளிது. பன்னிரண்டாவது பிரெட் கம்பி நீளத்தின் சரிபாதியில் இருக்கிறது. அதனால் அங்கே 1 மில்லிமீற்றர் இறங்க வேண்டுமென்றால் சாடிலில் 2 மில்லிமீற்றர் குறைக்க வேண்டும். தேய்த்ததைத் திருப்பி ஒட்ட முடியாது, ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கம்பி பூட்டிப் பார்த்து, மீண்டும் தேய்க்க வேண்டும்.

ஆனால் தேய்க்க முதல் கழுத்தைப் பார்க்க வேண்டும். ஆறாவது கம்பியை முதலாம் பிரெட்டிலும் பதினான்காம் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவே ஆறாம் ஏழாம் பிரெட் பக்கம் பாருங்கள். ஒரு தடித்த கடதாசி நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். அதைவிட நிறைய இருந்தால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. அதற்குத்தான் உள்ளே ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. அலன் கீ போட்டு வலப்பக்கம் திருப்பினால் நேராகும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுகிப்போயிருந்தால் பலம் போட வேண்டாம், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

எஃப் கோட் பற்றி இன்னொன்று. அது முதலாம் பிரெட்டில், நட்டுக்கு மிக அருகில் பிடிக்கும் கோட். நட்டு என்பது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் வெட்டுகளில் இருந்து போகும் சிறு துண்டு. நட்டின் வெட்டுகள் உயரமாக இருந்தால் அங்கேதான் கை அதிகம் வலிக்கும். சோதிக்க ஒரு வழி: எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பை முதலாம் பிரெட்டில் பூட்டி, அதே எஃப் வடிவத்தை ஒரு பிரெட் தள்ளிப் பிடியுங்கள். திடீரென்று சுகமாக வந்தால் குற்றம் நட்டில்தான். நட்டைத் திருத்த வசதி இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி, ஆறு கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்து, இரண்டாம் பிரெட்டில் கேப்போ போடுவது. ஒலி பழைய சுருதியிலேயே இருக்கும், கம்பியின் இழுவிசை மட்டும் ஏறக்குறைய 20 வீதம் குறையும். காசு கொடுத்து ஒன்றும் திருத்தாமல் விரலுக்குக் கிடைக்கும் பெரிய நிம்மதி அது. கடையில் வரும் கிற்றாரில் பெரும்பாலும் 12 என்ற அளவுக் கம்பி பூட்டியிருக்கும், முதலாவது கம்பி 0.012 அங்குலம் என்று அர்த்தம். பழகுபவர்கள் 10 அல்லது 11 போடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

நைலோன் கம்பி பூட்டிய கிளாசிக்கல் கிற்றாருக்கு மட்டும் தயவுசெய்து இரும்புக் கம்பி பூட்டாதீர்கள். நைலோன் ஆறும் சேர்ந்து இழுப்பது 40 கிலோ அளவில். 12 அளவு இரும்புக் கம்பி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். சொந்தக்காரர் வீடொன்றில் பிரிட்ஜ் பலகையோடு பிய்ந்து தொங்கிய கிற்றாரை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளை அழுததையும் பார்த்தேன்.

இனி எங்கள் ஊர் விசயம். வெளிநாட்டு வீடியோக்களில் கிற்றாருக்குப் பக்கத்தில் தண்ணீர் வைக்கச் சொல்வார்கள், மரம் காய்ந்து வெடிக்குமாம். அது பனிக்காலத்தில் ஹீற்றர் போடும் ஊருக்குச் சரி. திருகோணமலை மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர். ஐப்பசியில் மழை தொடங்கி மார்கழி தாண்டும்வரை வீட்டுக்குள் உப்பே கசிந்து நிற்கும். கிற்றாருக்கு நல்ல ஈரப்பதன் 45 முதல் 55 வீதம். மழை நாளில் இங்கே 80ஐத் தாண்டி நிற்கும். மேற்பலகை ஈரம் குடித்துப் பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு ஊதினாற்போல உப்பும், பிரிட்ஜ் உயரும், கம்பியும் கூடவே உயரும். ஆடி ஆவணியில் தென்மேற்கில் இருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது கதை தலைகீழாகும். பலகை இறங்கும், கம்பி பிரெட்டில் பட்டு இரையும், விரல்பலகை சுருங்கிப் பிரெட்டின் முனைகள் ஓரத்தில் முள்ளுப்போல நீட்டும். ஒரே கிற்றார்தான், கார்த்திகையில் ஒரு கை, ஆடியில் இன்னொரு கை. மழைக்காலத்தில் பழகத் தொடங்கிய பிள்ளைக்குக் கை வலிப்பதில் என்ன ஆச்சரியம்?

அதனால் நான் வருடத்துக்கு இரண்டு முறை அட்டை போட்டுப் பார்க்கிறேன். மழை தொடங்க முதல் ஒருக்கால், கச்சான் தொடங்க முதல் ஒருக்கால். கிற்றாரை மழை அடிக்கும் பக்கத்துச் சுவரில் மாட்டுவதில்லை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது ஈரம் குடித்து முடிந்ததும் மாற்றுகிறேன். கம்பிக்கு உப்புக் காற்றுதான் எதிரி. உப்புவெளிக் கடற்கரையிலோ டச்பேயிலோ ஒரு பின்னேரம் வாசித்துவிட்டு அப்படியே பைக்குள் போட்டால், சில நாளிலேயே கம்பி கறுத்துச் சத்தம் செத்துவிடும். பழைய சாரத் துணியொன்றைப் பைக்குள் வைத்திருங்கள். வாசித்து முடிந்ததும் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாகச் சேர்த்துப் பிடித்துத் துடையுங்கள், வியர்வையும் உப்பும் கம்பிக்கு அடிப்பக்கத்திலும்தான் படியும். 2022இல் ரூபா விழுந்த பிறகு ஒரு செட் கம்பி வாங்குவதே யோசிக்க வேண்டிய செலவு. துடைக்கும் பழக்கம் அந்தச் செலவைக் குறைக்கும்.

முழுமரக் கிற்றார்தான் கிற்றார் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவதும் எனக்குப் பிடிப்பதில்லை. தொடங்குபவருக்கு இந்த ஊர் ஈரத்தில் பிளைவுட் மேற்பலகைக் கிற்றாரே நல்லது. முழுமரத்தின் அளவுக்கு அது ஈரத்துக்கு ஆடாது. நாதம் கொஞ்சம் மட்டுத்தான், ஆனால் சரியாகத் திருத்திய பிளைவுட் கிற்றார், திருத்தாத விலைகூடிய கிற்றாரைவிடப் பத்து மடங்கு வாசிக்கத் தூண்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் மட்டும் எந்தக் கிற்றாரையும் விடாதீர்கள், சூட்டில் பசை இளகிவிடும்.

கையில் இருப்பதைப் பார்த்துப் புத்தி சொல்ல வேண்டும் என்று நான் சொல்வது கிற்றாருக்கு மட்டும் இல்லை. காதில் இருப்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகள் கர்நாடக சங்கீதம் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள்! அவர்களிடம் போய் மேஜர் ஸ்கேல் என்று புதிதாக ஏதோ போலச் சொல்லித்தருகிறோம். அது சங்கராபரணம்தான். நச்சுரல் மைனர் நடபைரவி. ஹார்மோனிக் மைனர் கீரவாணி. மேஜர் பென்டடோனிக் மோகனம், மைனர் பென்டடோனிக் சுத்த தன்யாசி. கமகத்துக்குப் பிரெட் இடம் விடாது என்பது உண்மை, அதைக் கொஞ்சம் கம்பியை இழுத்தும் வழுக்கியும் சமாளிக்க வேண்டியிருக்கும். ஆனால் சுரவரிசை பாடத் தெரிந்த ஒரு தங்கச்சிக்கு "இது உனக்குத் தெரிந்த மோகனம்" என்று சொல்லிப் பாருங்கள். விரல் தேடிப் போகும் வேகமே வேறு.

தாளமும் அப்படித்தான். இணையத்தில் பழகுபவர்கள் எல்லாருக்கும் நாலுக்கு நாலில் கீழே கீழே மேலே மேலே அடிக்கத் தெரியும். கலியாண வீட்டில் பைலா தொடங்கியதும் வலது கை நின்றுவிடும். பைலா ஆறுக்கு எட்டு. இந்த ஊரில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிப் போய் நானூறு வருடம் ஆகப்போகிறது. அவர்கள் வழி வந்த பறங்கியர் குடும்பங்கள் கவ்ரிஞ்ஞாவும் பைலாவும் ஆடிப் பாடி அந்தத் தாளத்தை இன்னமும் வைத்திருக்கிறார்கள். அங்கிள் எனக்கு அதைத் தொடையில் தட்டித்தான் சொல்லித்தந்தார். ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணு, ஒன்றிலும் நாலிலும் அழுத்து, மற்றதெல்லாம் மணிக்கட்டு தானாகச் செய்யும் என்றார். நான் கிற்றாரில் கற்ற பாடங்களில் இதைவிடப் பெரியது இல்லை. பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போனால் கிடைக்கும் பாடத்தை விட்டுவிட்டு எங்கெங்கோ தேடுகிறோம் என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறைய வேண்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, இரண்டு கோட்டுக்கு நடுவே மட்டும் போய்ப் போய் வருவது, தினமும் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் திருத்திய கிற்றாரில் நடக்கட்டும்.

அந்தத் தம்பியின் கிற்றாரை வாங்கி வைத்துக்கொண்டேன், விற்க இல்லை. சனிக்கிழமை காலை விறாந்தையில் இருந்து இருவரும் சாடிலைத் தேய்த்தோம், அவனைத்தான் தேய்க்க விட்டேன். மூன்று முறை கழற்றிப் பூட்டினோம். 10 அளவுக் கம்பி போட்டோம். மூன்று அட்டையில் வந்து நின்றது. எஃப் பிடித்தான், முதல் தடவை இரண்டாவது கம்பி செத்துக் கேட்டது, சுட்டுவிரலைக் கொஞ்சம் பக்கவாட்டில் சரித்தான், ஆறு கம்பியும் ஒலித்தது. ஒன்றும் பேசவில்லை. திரும்ப அடித்தான். அவனுடைய அம்மா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை அதே எஃப்தான்.

வருகிற சனி பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நான் வீட்டில் இருப்பேன். திருகோணமலையில் யாருக்காவது கை வலிக்கிறதென்றால் கிற்றாரைக் கொண்டு வாருங்கள், உள்பெட்டியில் எழுதினால் வழி சொல்கிறேன். பழைய வங்கி அட்டை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். சாண்ட் பேப்பர் என்னிடம் இருக்கிறது.