கோப்பு அங்கேதான் இருந்தது!

பதினொரு ராத்திரி. தினமும் இரண்டு மணிக்கு அந்த க்ரான் ஜாப் (சர்வரில் குறித்த நேரத்துக்குத் தானாக ஓடும் வேலை; எங்களுடையது வியாபாரக் கணக்குக் கோப்பை டேட்டாபேஸில் ஏற்றும்) எழுந்து, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. டேட்டாபேஸில் ஒரு வரி ஏறவில்லை. "என்ன தம்பி, பத்து நாளா வியாபாரமே இல்லையா?" என்று அக்கவுண்ட்ஸிலிருந்து ஃபோன் வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, அதுதான் வயிற்றெரிச்சல். என் லாகினில் அதே ஸ்கிரிப்ட், அதே சிஎஸ்வி கோப்பு, அரை நிமிடத்தில் முடிகிறது. க்ரானில் விட்டால் "இன்று கோப்பு இல்லை." இல்லையாமே! ஃபோல்டரில் இருப்பதைக் காட்டும் எல்எஸ் கமாண்டை அடித்தால் கண்ணெதிரே பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

யாரைக் கேட்டாலும் ஒரே கஷாயம்: கோப்புக்கு 777 போடு, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடு. காய்ச்சலுக்கும் 777, கால்வலிக்கும் 777. போட்டேன், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். ஒன்றும் அசையவில்லை. எப்படி அசையும்? லினக்ஸில் கோப்புக்கு மட்டும் அனுமதி இருந்தால் போதாது. அதற்குப் போகும் வழியில் இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய எக்ஸ் அனுமதி வேண்டும். நான் பீரோவை விரியத் திறந்து வைத்திருந்தேன். வாசல் கதவு பூட்டியிருந்தது.

பூட்டியது யார்? போன மாதம் உபுண்டு 20.04 சர்வரை விட்டுப் புதிய 22.04 சர்வருக்குக் குடிபோனோம். 21.04 முதல், புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டருக்கு (ஒவ்வொரு யூசரின் சொந்த ஃபோல்டர்) 755 கிடையாது, 750தான். அதாவது சொந்தக்காரரும் அவர் க்ரூப்பும் தவிர வேறு யாரும் உள்ளே நுழைய முடியாது. ஊரார் எட்டிப்பார்க்காமல் இருக்க நல்ல ஏற்பாடு, அதைத் திட்ட மாட்டேன். கம்பெனி டேட்டாவை ஒருத்தர் ஹோமுக்குள் கொட்டி வைத்தது எங்கள் புத்தி. க்ரானோ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற வேறு யூசராக ஓடுகிறது. (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஜாப்பே முடிந்துவிடும்.)

இதைக்கூட மன்னிப்பேன். அந்த ஸ்கிரிப்டை எழுதிய மகராசனை மன்னிக்க மாட்டேன். பைத்தானில் கோப்பு இருக்கிறதா என்று ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸிடம் கேட்டால், கோப்பு நிஜமாகவே இல்லாவிட்டாலும் ஃபால்ஸ், எட்டிப்பார்க்க அனுமதி இல்லாவிட்டாலும் அதே ஃபால்ஸ். நேரே ஓப்பன் செய்திருந்தால் பெர்மிஷன் டினைட் என்று முதல் ராத்திரியே அலறியிருக்கும். இவர் நாசூக்காகக் கேட்டுப் பார்த்து, இல்லை என்றதும் ஒரு வரி பிரிண்ட் செய்துவிட்டு எக்ஸிட் 0 போட்டு வெளியேறுகிறார். ஜீரோ என்றால் வெற்றி! டேஷ்போர்டு முழுக்கப் பச்சை. அந்த பிரிண்டாவது எங்கே போனது? க்ரான் அதை மெயிலில் அனுப்பப் பார்க்கும். சர்வரில் எம்டிஏ என்கிற மெயில் அனுப்பும் புரோகிராமே இல்லை. "எம்டிஏ இல்லை, அவுட்புட்டை வீசுகிறேன்" என்று சர்வரின் குறிப்பேடான சிஸ்லாகில் ராத்திரிக்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது, பாவம். அதை யார் படித்தோம்?

கடைசியில் சூடோ (இன்னொரு யூசராக ஓட்ட உதவும் கமாண்ட்) போட்டு அந்த யூசராகவே கோப்பை கேட் செய்து படிக்கப் பார்த்தேன். ஒரே நொடியில் பெர்மிஷன் டினைட். நேம்ஐ கமாண்டை மைனஸ் எல்லோடு ஓட்டினால் எந்தப் படியில் கதவு சாத்தியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டிவிடுகிறது. இதை முதல் நாளே செய்யாமல் ஸ்கிரிப்டுக்குள் வரிவரியாகப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்புகளை யார் ஹோமிலும் இல்லாத எஸ்ஆர்வி ஃபோல்டருக்கு மாற்றி, க்ரூப் அனுமதி கொடுத்து, அந்த 777ஐத் துடைத்தெறிந்து, விட்டுப்போன பதினொரு நாளையும் ஏற்றி முடிக்க விடிந்துவிட்டது. மேனேஜர் காபியோடு வந்து கேட்டார்: "அப்போ கோப்பு அங்கேயேதான் இருந்துச்சா?"

இருந்தது சார்.