குட்டி போட்டால் பாலூட்டியா?
"கடலில் முட்டையிடுபவை மீன்கள், குட்டி போடுபவை பாலூட்டிகள்" என்று கடல்வாழ் உயிர்கள் பற்றிய ஒரு கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டது சரியில்லை. என் தங்கைக்குக் குழந்தை பிறந்த சமயம், பால் நன்றாகச் சுரக்கும் என்று அம்மா பால்சுறா வாங்கிவரச் சொன்னார். மீன் நறுக்கும் அக்கா வயிற்றைக் கீறியதும் உள்ளே விரல் நீளத்தில் நான்கு குட்டிகள். ஒவ்வொன்றின் அடிவயிற்றிலிருந்தும் மெல்லிய கொடி ஒன்று ஓடியது, அசல் தொப்புள்கொடி மாதிரியே. "இது குட்டிச் சுறா தம்பி, புட்டு நல்லா வரும்" என்றார் அந்த அக்கா, எந்த வியப்பும் இல்லாமல். பால்சுறா குட்டி போடும், கருவுக்குக் கொடி வழியே ஊட்டமும் தரும். ஆனாலும் அது மீன்தான். செவுளால் மூச்சுவிடுகிறது, குட்டிக்குப் பால் கொடுப்பதில்லை (பெயரில் இருக்கும் பால் நம் வீட்டுத் தாய்மார்களுக்கானது!). எதிர்ப்பக்கம் பார்த்தால், ஆஸ்திரேலியாவில் வாழும், வாத்து போன்ற அலகுள்ள பிளாட்டிபஸ் என்ற விலங்கு முட்டையிடும், அப்புறம் குஞ்சுக்குப் பாலும் கொடுக்கும். அது பாலூட்டி. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் திமிங்கலச் சுறாவையும் பாலூட்டி என்று எழுதியிருக்கிறார். 1995இல் தைவானில் பிடிபட்ட ஒன்றின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் இருந்தன, ஆனால் அதுவும் மீன்தான். வாலைப் பாருங்கள்: சுறாவின் வால் நிமிர்ந்து நின்று பக்கவாட்டில் அடிக்கும். திமிங்கலம், ஓங்கில் (டால்பின்), நம் பாக் நீரிணையின் ஆவுளியா (கடற்பசு) ஆகிய பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் வால் படுக்கையாக இருந்து மேலும் கீழும் அடிக்கும்.