பூஞ்சணமும் பாரக் கணக்கும்

இந்தக் கட்டுரையில் வரும் நுவரெலியாச் சகோதரி, பிள்ளைகள் உறங்கிய பிறகுதான் வாசிக்கிறார். ஒரு சிறுகதைத் தொகுப்பு போட ஆசைப்படுகிறார். ஆனால் வீட்டிலுள்ள புத்தகமெல்லாம் பூஞ்சணம் பிடிப்பதாகக் கவலைப்படுகிறார். அடைபட்ட காற்றும் குளிர்ந்த சுவரும்தான் காரணம். 1,868 மீற்றர் உயரத்தில் வெளிச்சுவர் இரவெல்லாம் வேர்க்கும். அலுமாரியை அதில் ஒட்டி வைத்தால் பின்வரிசைப் புத்தகங்கள்தான் முதலில் கெடும். உள்சுவருக்கு மாற்றி, நாலு விரல் இடைவெளி விடுங்கள். பொலித்தீன் பையில் கட்டி வைக்கவே வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் கறை கடதாசிக்குள் இறங்கும். புத்தகத்தை விசிறி போல் விரித்து நிழலில் நிறுத்தி, நன்றாகக் காய்ந்த பிறகு வாசலில் வைத்து மெல்லிய பிரஷால் தட்டுங்கள். மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். இழுப்பு உள்ள பிள்ளை கிட்ட வரக்கூடாது.

எழுத்து விஷயம். பிரட்டு (காலையில் பேர் பதிந்து வேலை பிரிப்பது), இஸ்தோப்பு (வீட்டு முன் விறாந்தை), காம்பரா (லயத்து அறை), இந்தத் தேயிலைத் தோட்டச் சொற்களையெல்லாம் உங்கள் கதைகளில் தயவுசெய்து 'திருத்தி' எழுதாதீர்கள். அடிக்குறிப்பும் தேவையில்லை. "பிரட்டுக்குப் பிந்தினா வெரட்டிடுவாங்க, அன்னைக்குப் பேரு இல்ல" என்று ஒரு பாத்திரம் சொன்னால் வெளியூர் வாசகருக்கும் விளங்கும். எவ்வளவு அழகான பேச்சு அது!

அச்சகத்தில் பெரும்பாலும் 16 பக்கம் ஒரு பாரம், அதாவது ஒன்றாக அச்சாகி மடிக்கப்படும் தொகுதி. 112 பக்கம் என்றால் ஏழு பாரம். 114 ஆனால் மிச்சப் பக்கங்களுக்கும் சேர்த்துச் செலவாகும், ஆகவே கதைகளை முதலிலேயே எண்ணி அடக்குங்கள். புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைக் கொழும்பில் தேசிய நூலகம் தருகிறது. அட்டை அச்சுக்குப் போகுமுன் வாங்கிவிடுங்கள்.