பூங்காவை மதியத்தில் ஏன் பூட்டுகிறோம்?

மே மாத மதியம் பன்னிரண்டரை மணிக்குச் சென்னையின் ஏதாவது ஒரு சின்னப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே புங்கமும் வேம்பும் நல்ல நிழலோடு நிற்கும். அடியில் பெஞ்சுகள் காலி. கேட்டில் பூட்டு. வெளியே மதில் ஓரத்துத் துளி நிழலில் உணவு டெலிவரி செய்யும் தம்பிகள் வண்டி மேலேயே சாய்ந்து அடுத்த ஆர்டருக்குக் காத்திருப்பார்கள். ஒரு வீட்டில் வேலை முடிந்து அடுத்த வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் மிச்சமிருக்கும் அக்கா, மூடிய கடையின் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். காலை பத்து மணி வாக்கில் மூடிவிட்டு மாலை நான்குக்கு மேல் திறப்பது இங்கே எத்தனையோ பூங்காக்களில் வழக்கம். அதாவது, வெயில் இல்லாதபோது நிழலைத் திறந்து வைக்கிறோம். வெயில் கொளுத்தும்போது பூட்டி வைக்கிறோம்.

காரணம் ரொம்ப எளிது. பூங்கா என்றால் வாக்கிங் போகும் இடம் என்று முடிவுசெய்துவிட்டோம். எட்டு வடிவ நடைபாதை, இரும்பு உடற்பயிற்சிக் கருவிகள், விடிவதற்குள் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சர்க்கரையைக் குறைக்க வருகிறவருக்கு மட்டும்தானா பூங்கா? சும்மா உட்கார வருகிறவரை ஏன் சந்தேகமாகப் பார்க்க வேண்டும்? எங்கள் பகுதிப் பூங்கா வாசலில் ஒரு போர்டு இருக்கிறது. பந்து விளையாடக் கூடாது, புல்லில் உட்காரக் கூடாது, வெளி உணவு கூடாது, படுக்கக் கூடாது. கடைசியில் 'நன்றி, மீண்டும் வருக' என்று வேறு எழுதியிருக்கிறார்கள்.

இதனால்தான் எனக்குக் கடற்கரை மேல் கூடுதல் பாசம். அங்கே கேட் கிடையாது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் உலாவுவதற்குச் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தபோது யாரை மனதில் வைத்திருந்தாரோ தெரியாது, இன்று ஞாயிறு சாயங்காலம் அங்கே வராத ஆளில்லை. வியாசர்பாடியிலிருந்து பஸ் மாறி வரும் குடும்பம், கட்டட வேலைக்கு வந்த பீகார் பையன்கள், நிச்சயதார்த்தம் முடிந்த ஜோடி, சுற்றுலா வண்டியில் வந்து இறங்கும் கிராமத்துப் பாட்டிகள். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் ஒரு பொட்டலம் வாங்கினால் சரி, வாங்காவிட்டாலும் யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். (தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள். மெரினா அலை பார்க்கச் சாதுவாக இருந்தாலும் அடியில் இழுக்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஷ்மிட் நினைவுச் சின்னமே, 1930-ல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க்காரருக்கு எழுப்பியதுதான்.)

கேட் இல்லாவிட்டாலும் சிலருக்கு மணலே தடையாகிவிடுகிறது. சக்கர நாற்காலி மணலில் உருளாது. 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, கடலை நெருங்கிப் பார்க்கிற தூரம் வரை மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. 'காசு வீண்' என்று இதே முகநூலில் எத்தனை கிண்டல்! சரிசெய்து மறுபடி திறந்தார்கள். புயலில் உடையும், திரும்பப் போட வேண்டும், அவ்வளவுதான். மழைக்குப் பிறகு சாலைக்கு அதைத்தானே செய்கிறோம்?

பூங்காவில் கூட்டம் கூடினால் கெட்டுப்போகும் என்பவர்கள் பொங்கல் சமயத்தில் வெளியே வந்து பார்க்கலாம். 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் நடுவில் பத்தாண்டுக்கு மேல் நின்றுபோய், 2023 ஜனவரியில் திரும்ப வந்தது. பறை, கரகம், ஒயிலாட்டம், சிலம்பம் எல்லாம் பூங்காக்களிலும் மைதானங்களிலும் கடற்கரையிலும், டிக்கெட் இல்லாமல். சபா வாசல் மிதிக்க யோசிப்பவரும், கிராமக் கலை என்றால் டிவியில் மட்டும் பார்த்தவரும் ஒரே தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக்கே இல்லாமல் பிள்ளைகள் பாடும் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியும் எனக்குப் பிடிக்கும். காக்கைச் சத்தத்துக்கு நடுவே பாடிப் பழகிய பிள்ளைக்கு அப்புறம் எந்த மேடையும் பயமில்லை. 2015-ல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா இன்னும் ஒரு படி மேலே போனது. மீனவர் குப்பத்துக்குள்ளேயே மேடை, அதில் கர்நாடக இசையும் உண்டு, பறையும் உண்டு. பெசன்ட் நகரில் பல வருடம் குடியிருந்தும் பக்கத்துக் குப்பத்துக்குள் அன்றுதான் முதல் தடவை கால் வைத்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரானது கட்டணப் பூங்கா. 2024-ல் கதீட்ரல் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. திறந்தபோது பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் உள்ளே கால் வைக்கவே 300. ஜிப்லைனுக்குக் காசு கேளுங்கள், நியாயம். மரத்தடிக்குக் கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மதியம் திறந்துவிட்டால் காதலர்கள் வருவார்கள், குடிகாரர்கள் வருவார்கள் என்று எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னார்கள். காதலர்கள் வரட்டுமே, எங்கேதான் போவார்கள்? குடிக்கிறவர் ஆளில்லாத இடத்தைத் தேடித்தான் போவார். நாலு பேர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மரத்தடி அவருக்குத் தோதுப்படாது. காவலாளிக்குக் கூடுதல் ஷிஃப்ட், கழிப்பறையில் தண்ணீர் என்று செலவு உண்டுதான், மறுக்கவில்லை. 2025-ல் அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்கென்று ஏசி ஓய்வறை திறந்தார்கள். நல்ல வேலை, இன்னும் வரட்டும். ஆனால் ஏற்கெனவே மரமும் பெஞ்சும் இருக்கும் இடத்தில் சாவியைத் திருப்பினாலே போதுமே. வருடம் முழுக்க முடியாதென்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரையாவது செய்யலாம்.

உங்கள் ஏரியாவில் மதியமும் திறந்திருக்கும் பூங்கா இருந்தால் பெயரையும் நேரத்தையும் கமென்டில் எழுதுங்கள். கழிப்பறை இருக்கிறதா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு ஒரு டெலிவரி தம்பி கேட்டிருக்கிறார்.