மஸ்டாங், கமாரோ வேலைக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் போதுமா?

"பழைய அமெரிக்க மஸில் கார்களை (சக்திவாய்ந்த எஞ்சின் கொண்ட வேகக் கார்கள்) புதுப்பிக்க அங்குல ஸ்பேனர் செட் வேண்டாம், மில்லிமீட்டர் செட்டே போதும்" என்று ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு. நம்பி இறங்கினால் வண்டிதான் பாழாகும்.

1960களின் மஸ்டாங், கமாரோ, போன்டியாக் ஜிடிஓ எல்லாம் அங்குல அளவு போல்ட்களால் கட்டப்பட்டவை. சில அளவுகள் ஒத்துப்போவது உண்மைதான்: 3/4 அங்குலம் என்பது 19.05 மி.மீ., அதனால் 19 மி.மீ. ஸ்பேனர் நன்றாகவே உட்காரும். இந்த ஒன்றைக் காட்டித்தான் மொத்தமும் சரி என்கிறார்கள்.

9/16 அங்குலத்தைப் பாருங்கள். இந்த வண்டிகளில் அடிக்கடி கையில் வருவது இதுதான். தண்டு 3/8 அங்குலத் தடிமன் உள்ள போல்டின் தலை அளவு இது. அதாவது 14.29 மி.மீ. 14 நுழையவே நுழையாது, 15 ஆடும். சூட்டில் வெந்து துருவேறிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் பாகம்) போல்டில் 15-ஐப் போட்டு முறுக்கினால் ஆறு முனையும் மழுங்கிவிடும். பிறகு டிரில் போட்டுத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். அதே கதைதான் 1/2 அங்குலத்துக்கும் (12.7 மி.மீ.): 13 போட்டால் லேசான பிடிக்குச் சமாளிக்கும், இறுகியதற்கு ஆகாது.

பிரேக் குழாய் நட்டில் இன்னும் கவனம் தேவை. அது மென்மையானது, சாதாரண ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். குழாய் நுழைய வாய் விட்டு, மற்ற பக்கங்களைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனரை, அதுவும் அங்குல அளவில், வாங்குங்கள். முதலில் வாங்க வேண்டியதே அதுதான் என்பேன்.