பேர் மட்டும் எழுதினால் போதுமா?

நாமினியாக (இறந்தபின் பணத்தை வாங்கும் ஆளாக) யாரைப் போட்டாலும் காப்புறுதிப் பணம் அவருக்கே சொந்தம் என்று உங்கள் கட்டுரை சொல்வது முழுக்கச் சரியில்லை. மலேசியாவின் 2013 நிதிச் சேவைச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ, இவர்கள் யாரும் இல்லாதபோது பெற்றோரையோ போட்டால்தான் பணம் அவர்களுக்கு. இறந்தவர் கடனுக்குக்கூடப் போகாது. தம்பியைப் போட்டால் அவர் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ஆள், அவ்வளவுதான்.

இங்கே சுங்கை சிப்புட்டில் எங்கள் சித்தப்பா, பால்மரம் வெட்டியவர், காப்புறுதிப் பாரத்தில் மூன்று பிள்ளைகள் பேரையும் எழுதிவிட்டு, பங்கு எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். சரி, சட்டப்படி சமபங்கு. கடைசிவரை மருந்துக்கும் டாக்சிக்கும் காசு போட்ட சின்னவள் செக்கை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தாள், வாயே திறக்கவில்லை. அப்புறம் அந்தத் தீபாவளிக்கு யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை.